துடைத்தாலும் போகாத பெயர்

கைமாறும் கருவிகள் – 7

பெங்களூருவில் ஒரு கம்பெனி மூன்று வருடம் ஓட்டிவிட்டுக் கழித்த லேப்டாப், ஓமலூருக்கு வந்து சேர 200 கிலோமீட்டர்கூட ஓட வேண்டியதில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கினால் ஓமலூர்தான். வாங்குகிறவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம், அங்கேயே அரசு பொறியியல் கல்லூரி. மேட்டூர், தாரமங்கலம், காடையாம்பட்டி பக்கமிருந்து பஸ் ஏறி வந்து படிக்கிற பிள்ளைகள். புது லேப்டாப்புக்கு வீட்டில் பணம் புரளாது. கம்பெனி கழித்த டெல் லேடிடியூடோ லெனோவோ திங்க்பேடோ அதில் பாதி விலைக்கு, புதிதைவிடக் கெட்டியான உடம்போடு கிடைக்கும். இந்த வியாபாரத்தை நான் மனதார மதிக்கிறேன். ஒரு குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பெண்ணின் கையில் கணினி வந்து சேர்வது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

அதனால்தான் இந்த வாரம் சொல்லப்போகும் பூட்டைப் பற்றி எனக்கு இவ்வளவு ஆதங்கம்.

பழைய கம்பெனி லேப்டாப் வாங்குகிறவர் பார்க்கும் விஷயங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஸ்க்ரீனில் கோடு விழுகிறதா, கீல் தளர்ந்திருக்கிறதா, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது, கீபோர்டில் எந்தப் பொத்தான் செத்திருக்கிறது. நான்காம் தலைமுறை, ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் ஓடிய காலத்தில் இவ்வளவு பார்த்தால் போதும். இப்போது போதாது. காரணம் 2017-இல் இருக்கிறது.

அந்த வருடம் இரண்டு காரியங்கள் நடந்தன. இன்டெல்லின் எட்டாம் தலைமுறை பிராசஸர்கள் சந்தைக்கு வந்தன. அதே வருடம் மைக்ரோசாஃப்ட் ‘விண்டோஸ் ஆட்டோபைலட்’ என்ற ஏற்பாட்டை அறிவித்தது. அப்போது இரண்டுக்கும் சம்பந்தமில்லை. விண்டோஸ் 11 வந்தபோது, எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கும் இன்டெல் கணினிகளை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, அது ஏற்றுக்கொள்ளவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்தது. ஆக, இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கத் தகுந்த பழைய லேப்டாப் என்றால் அது எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ. அப்படிப்பட்ட ஒவ்வொன்றும் ஆட்டோபைலட் வந்த பிறகு கம்பெனிகள் வாங்கியது. கழிவுக்குப் போக வேண்டியவற்றில் பெரும்பாலும் பூட்டு இல்லை. வாங்கத் தகுந்தவற்றில்தான் இருக்கிறது.

ஆட்டோபைலட் செய்வது இதுதான். கம்பெனி ஒரு லேப்டாப் வாங்கும்போது, அதன் மதர்போர்டு, சீரியல் எண், நெட்வொர்க் கார்டு போன்ற பாகங்களின் அடையாளங்களைச் சேர்த்து ஒரு நீண்ட குறியீடாக்கி மைக்ரோசாஃப்டின் பதிவேட்டில் கம்பெனி பெயரில் ஏற்றிவிடுகிறார்கள். ‘ஹார்டுவேர் ஹாஷ்’ என்பார்கள். பல சமயம் விற்கிற நிறுவனமே ஏற்றி அனுப்பிவிடும். ஊழியர் வீட்டில் பெட்டியைப் பிரித்து வைஃபையில் இணைத்தவுடன், கணினி அந்தப் பதிவேட்டைக் கேட்கிறது: நான் யாருடையது? பதில் வந்ததும் கம்பெனி பெயரைத் திரையில் காட்டி, அலுவலக மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கேட்டு நிற்கிறது. கொரோனா காலத்தில் அலுவலகத்துக்குள் காலே வைக்காத ஊழியர்களுக்குக் கூரியரில் லேப்டாப் அனுப்ப முடிந்தது என்றால் இந்த மாதிரி ஏற்பாடுகளால்தான். நல்ல ஏற்பாடு. சிக்கல் எல்லாம் கம்பெனி அதைக் கைவிடும்போதுதான் தொடங்குகிறது.

பதிவேடு கணினிக்கு உள்ளே இல்லை. ஹார்டு டிஸ்கை அழித்தாலும், எஸ்எஸ்டியைக் கழற்றிப் புதிது போட்டாலும், விண்டோஸைப் பத்து முறை ஏற்றினாலும் பதிவு அப்படியே இருக்கும். நிலத்தில் வேலியைப் பிடுங்கிப் புது வேலி போட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் வில்லங்கம் தீர்ந்துவிடுமா? அதே கதை. ஒரே ஒரு வித்தியாசம், அது பெரிய வித்தியாசம்: நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். லேப்டாப்புக்கு அப்படிப் பார்க்க வாங்குகிறவருக்கு ஒரு வழியும் இல்லை.

ஒரே வழி, இயந்திரத்தையே கேட்பது. ஓமலூரில் மேட்டூர் சாலைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் அதை நேரில் பார்த்தேன். பெங்களூரு டீலர் அனுப்பிய பெட்டி அப்போதுதான் பிரிக்கப்பட்டிருந்தது. கடைக்காரர் ஹேர் டிரையரை வைத்து ஒவ்வொரு லேப்டாப்பின் அடிப்பக்கமும் சூடுகாட்டி, அசெட் டேக் ஸ்டிக்கரை நகத்தால் ஓரம் கிளப்பி உரித்துக்கொண்டிருந்தார். சில ஸ்டிக்கரில் கம்பெனி பெயர், சிலவற்றில் பார்கோடு மட்டும். உரித்தவற்றை எறியவில்லை, எந்த லேப்டாப்பில் இருந்து எடுத்தது என்று சீரியல் எண்ணோடு ஒரு நீள நோட்டில் ஒட்டி வைத்தார். பிறகு ஒவ்வொன்றையும் ‘ரீசெட்’ கொடுத்து, எல்லாவற்றையும் அழித்து, புதுசாகப் பெட்டியில் இருந்து எடுத்த நிலைக்குக் கொண்டுவந்தார். நாடு, கீபோர்டு தேர்ந்தெடுத்ததும் நெட்வொர்க் கேட்கிற இடம் வந்தது. தன் செல்போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்.

‘இந்த ரெண்டு நிமிசந்தானுங்க எல்லாமே’ என்றார்.

முதல் லேப்டாப், தனிப்பட்ட பயன்பாட்டுக்கா அல்லது வேலைக்கும் பள்ளிக்குமா என்று கேட்டது. நல்ல அறிகுறி. அப்படித் தேர்ந்தெடுக்கும் உரிமையை அது நமக்குக் கொடுத்தாலே, பதிவேட்டில் வேறு பெயர் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். நான்காவது லேப்டாப்பில் அந்தக் கேள்வி வரவில்லை. ஒரு கம்பெனியின் சின்னம் வந்தது, கீழே வரவேற்பு வாசகம், அலுவலக மின்னஞ்சல் போடச் சொல்லி ஒரு கட்டம். பளபளவென்று கீறல் இல்லாத உடம்பு, பேட்டரியும் நன்றாக இருந்தது. அடியில் இருக்கும் சீரியல் எண்ணையும் திரையையும் படம் எடுத்து டீலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, லேப்டாப்பைத் தனியாக ஒரு பெட்டியில் வைத்தார்.

அந்த நேரத்தில் மகளோடு வந்திருந்த ஒருவர், ‘ஏந்தம்பி, இதுதானே எல்லாத்தவிடவும் புதுசா இருக்குது? இதையே குடுங்களேன்’ என்றார்.

‘வேண்டாங்கண்ணா. கம்பெனி லாக் இருக்குது. நான் நெட் இல்லாம விண்டோஸ் போட்டுக் குடுத்தா நீங்க சந்தோசமா வாங்கிட்டுப் போவீங்க. பாப்பா பரீட்சை நேரத்துல ரீசெட் பண்ணுச்சுன்னா முடிஞ்சுது. அப்புறம் நான் உங்க மூஞ்சியில முழிக்க முடியாது.’

அவர் சொன்னதில்தான் இந்த வியாபாரத்தின் மிகப் பெரிய ஏமாற்று அடங்கியிருக்கிறது. வாங்குகிறவர் முன்னால் லேப்டாப் நன்றாகவே ஓடும். இணையத்தோடு சேர்க்காமல் விண்டோஸ் ஏற்றி, லோக்கல் அக்கவுண்ட் ஒன்றைத் திறந்து கொடுத்துவிட்டால், கணினி பதிவேட்டைக் கேட்கும் சந்தர்ப்பமே வராது. ஹோம் பதிப்பைப் போட்டுவிட்டாலும் பூட்டு கண்ணில் படாது. ஆட்டோபைலட் புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்கானது. மாதக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இருக்காது. வைரஸ் வந்தது, மெதுவாகிவிட்டது என்று ஒருநாள் ரீசெட் கொடுத்து, புரோ பதிப்பு ஏறி, வைஃபையில் சேர்த்தால் யாரோ ஒரு கம்பெனியின் சின்னம் வந்து நிற்கும். இதைத்தான் ‘பைபாஸ் பண்ணித் தர்றோம்’ என்று விளம்பரம் செய்கிறார்கள். பைபாஸ் என்றால் பூட்டைத் திறந்தது ஆகாது. பதிவேட்டில் பெயர் மாறவில்லை. அடுத்து வாங்குகிறவர் தலையில் அதைக் கட்டுகிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு வகை இதைவிட மோசம். சிலர் அழிக்காமலேயே, கம்பெனி விண்டோஸோடு, உள்ளே ஒரு புதுப் பயனர் பெயரை மட்டும் சேர்த்து விற்றுவிடுகிறார்கள். அந்த லேப்டாப் பெயரளவில் மட்டும் பதிந்தது அல்ல. இன்னமும் கம்பெனியின் நிர்வாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் நிர்வாகி ஒரு பொத்தானை அழுத்தினால் ஓமலூரில் இருக்கும் கணினி மொத்தமும் அழிந்துவிடும், பிள்ளையின் ப்ராஜெக்டோடு சேர்த்து. அவர் மேல் குற்றமும் சொல்ல முடியாது. அவர் கணக்கில் அது தொலைந்துபோன லேப்டாப். செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’, அதில் ‘அக்சஸ் ஒர்க் ஆர் ஸ்கூல்’ திறந்து பாருங்கள். முன்பின் தெரியாத கம்பெனியோடு இணைந்திருப்பதாகக் காட்டினால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பூட்டு என்றதும் ‘திருட்டு மால்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். சில நேரம் உண்மைதான். வேலையை விட்டவர் திருப்பிக் கொடுக்காமல் விற்றது, பஸ்ஸில் தொலைந்தது எல்லாம் சந்தைக்கு வரத்தான் செய்கின்றன. ஆனால் முறையாக ஏலம் விட்டு, ரசீது போட்டு, ஜிஎஸ்டி கட்டி வந்த லாட்டிலும் பூட்டு இருக்கிறது. எப்படி?

கம்பெனியின் ஐடி பிரிவில் ஒரு லேப்டாப்பின் பெயர் ஒரே இடத்தில் இருப்பதில்லை. நிர்வாக மென்பொருளான இன்ட்யூனில் ஒரு பதிவு, ஆட்டோபைலட்டில் ஒரு பதிவு, மைக்ரோசாஃப்ட் என்ட்ரா என்கிற அடையாளப் பட்டியலில் ஒரு பதிவு. கழிக்கும்போது மூன்றிலும் நீக்க வேண்டும். தூரத்தில் இருந்தே ‘வைப்’ கொடுத்தால் டிஸ்க் சுத்தமாகிவிடும். ஆட்டோபைலட் பதிவு தானாகப் போகாது. லேப்டாப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தால் பொருள் லீசிங் நிறுவனத்துடையது, பதிவு பயன்படுத்திய கம்பெனியுடையது, அழிக்கிறவர் மூன்றாவது ஒப்பந்ததாரர், ஏலம் எடுப்பவர் நான்காமவர். பெயரை நீக்குவது யார் வேலை என்று இவர்களுக்குள் எழுதிக்கொண்ட காகிதத்தில் பெரும்பாலும் இருக்காது.

தகவலை அழிப்பது பற்றி மட்டும் பக்கம் பக்கமாக இருக்கும். அதற்குக் காரணம் பயம். அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி வங்கி பழைய சர்வர்களையும் ஹார்டு டிஸ்க்குகளையும் கழிக்கும் வேலையை, அந்த அனுபவமே இல்லாத ஒரு பொருள் இடமாற்ற நிறுவனத்திடம் கொடுத்தது. அவை கைமாறி, வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்தில் விற்கப்பட்டன. ஓக்லஹோமாவில் அவற்றை வாங்கிய ஒரு ஐடி ஆலோசகர் 2017-இல் வங்கிக்கே மின்னஞ்சல் எழுதி, உங்கள் தகவல் என்னிடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. 2020-இல் வங்கிக் கண்காணிப்பு அமைப்பு 6 கோடி டாலரும், 2022-இல் பங்குச் சந்தை ஆணையம் 3.5 கோடி டாலரும் அபராதம் விதித்தன. நம் நாட்டிலும் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் பேசுகிறது. அதனால் டிஸ்கை அழித்ததற்குச் சான்றிதழ் வாங்காமல் கம்பெனிகள் பெரும்பாலும் லாட்டை வெளியே விடுவதில்லை. பதிவேட்டில் பெயரை விட்டு வைத்ததற்கு யாருக்கும் ஒரு ரூபாய் அபராதம் கிடையாது. நஷ்டம் முழுவதும் ஓமலூர் கடைக்காரருக்கும் அவரிடம் வாங்குகிறவருக்கும். மூன்று பதிவையும் நீக்க நிர்வாகிக்கு ஆகிற நேரம் சில நிமிடங்கள்தான் என்பதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பூட்டு விழுந்த லேப்டாப் என்ன ஆகிறது? உதிரி பாகம். ஸ்க்ரீன், ரேம், கீபோர்டு, பேட்டரி கழன்று போகும். மதர்போர்டு பழைய இரும்புக் கடைக்கு. ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் வெளியேற்றும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அது தயாராகும்போதே முடிந்துவிடுகிறது. அதை இன்னும் நான்கு வருடம் ஓட்டுவதைப் போலச் சுற்றுச்சூழலுக்கு நன்மை வேறில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகள் பழுதுநீக்கிப் புதுப்பிப்பவர்களையும் பதிவு செய்யச் சொல்கின்றன. புதுப்பிக்க விடாமல் தடுக்கும் இந்தப் பூட்டைத் திறப்பது யார் பொறுப்பு என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அந்த மதர்போர்டிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. பதிவுக்கு அடையாளம் தருவது முக்கியமாக மதர்போர்டு என்பதால், பூட்டிய லேப்டாப்பின் போர்டை எடுத்து வேறொரு நல்ல லேப்டாப்பில் மாட்டினால் பூட்டும் கூடவே போகிறது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ பழைய போர்டு வாங்கி மாட்டிய பிறகு திடீரென்று முன்பின் தெரியாத கம்பெனி வரவேற்பு சொன்னால் குழம்ப வேண்டாம்; காரணம் இதுதான்.

மேக் வாங்குகிறவர்களுக்கும் இதே விதி, பெயர்தான் வேறு. ஆப்பிளின் பதிவேடு ‘ஆப்பிள் பிசினஸ் மேனேஜர்’. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கி வைஃபையில் சேர்த்தால், பதிவு இருக்கும் மேக் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்று தலைப்பிட்டுக் கம்பெனி பெயரைக் காட்டும். மேக்கில் இது போதாதென்று முந்தைய பயனரின் ஆப்பிள் கணக்கு போடும் ‘ஆக்டிவேஷன் லாக்’ வேறு. இரண்டும் தனித்தனிப் பூட்டு, பல சமயம் இரண்டுக்கும் தனித்தனி ஆள் வேண்டும். பதிவு நீக்காத குரோம்புக் என்றால் எத்தனை முறை அழித்தாலும் பழைய பள்ளிக்கோ கம்பெனிக்கோ தானாகத் திரும்பிப் பதிவாகிக்கொள்ளும்.

பயாஸையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். டெல்லுக்கு எஃப்2, ஹெச்பிக்கு எஃப்10, திங்க்பேடுக்கு எஃப்1. உள்ளே போகவே கடவுச்சொல் கேட்டால் வேண்டாம். செக்யூரிட்டி பகுதியில் ‘அப்சலூட்’ அல்லது ‘கம்ப்யூட்ரேஸ்’ என்று ஒரு வரி இருக்கும். கனடாவில் தொடங்கிய அப்சலூட் நிறுவனத்தின் திருட்டுத் தடுப்பு ஏற்பாடு அது. டிஸ்கை மாற்றினாலும் பயாஸிலிருந்து மறுபடி விண்டோஸுக்குள் வந்து உட்காரும். அந்த ஏற்பாட்டைக் காசு கொடுத்து வாங்காத சாதாரண மக்களின் கணினிகளிலும் அது விழித்துக்கொண்டு ஓடியதை 2014-இல் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த வரி ‘ஆக்டிவேட்டட்’ என்று இருந்தால், பழைய உரிமையாளர் அப்சலூட்டிடம் சொல்லி விடுவித்தாரா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

விடுவிக்க வேண்டிய கம்பெனியே இல்லாமல் போனால்? பைஜூஸ் நிறுவனம் பாடம் படிக்கக் கொடுத்த டேப்லெட்டுகள் அதன் செயலிக்காகவே பூட்டப்பட்டவை. 2024 ஜூலையில் பெங்களூரு தீர்ப்பாயம் அந்த நிறுவனத்தைத் திவால் நடவடிக்கைக்குள் கொண்டுவந்தது. தவணை கட்டி வாங்கிய பெற்றோரின் கையில் இருக்கும் நல்ல டேப்லெட்டை முழுமையாகத் திறந்துவிடச் சொல்லி எந்தக் கதவைத் தட்டுவது? கம்பெனிகள் மூடுவதும் இணைவதும் வாடிக்கை. பதிவேடு அதற்கெல்லாம் காத்திருக்காது, அதுபாட்டுக்கு இருக்கும்.

செல்போனை வாங்கும் முன் சரிபார்க்க நம் அரசே வழி செய்திருக்கிறது. கேஒய்எம் என்று தட்டி ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்த போன் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பதில் வரும். 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். லேப்டாப்புக்கு அதுபோல ஏன் இல்லை? செய்ய முடியாத காரியமும் இல்லை. ஐபோனின் பூட்டு நிலையைச் சீரியல் எண் போட்டுப் பார்க்க ஆப்பிளே 2014-இல் ஒரு பக்கம் திறந்தது. 2017 ஜனவரியில் மூடிவிட்டது. செல்லுபடியாகும் எண்களைக் கண்டுபிடிக்க மோசடிக்காரர்கள் அதைப் பயன்படுத்தியதாக அப்போது சொல்லப்பட்டது. மோசடிக்குப் பயந்து நேர்மையானவர்களின் கண்ணைக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கம்பெனி பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். பதிவு இருக்கிறது, இல்லை என்ற ஒரு சொல் பதில் போதும். மைக்ரோசாஃப்டும் ஆப்பிளும் கூகுளும் மனது வைத்தால் நாளைக்கே தரலாம். மனது வைக்காவிட்டால் வைக்கச் சொல்ல வேண்டியது அரசு.

அதுவரை பணத்தைக் கொடுக்கும் முன்னால் உங்கள் கண்ணெதிரே ரீசெட் செய்யச் சொல்லுங்கள், உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் சேருங்கள், நெட் கேட்கும் இடத்தைத் தாண்டித் தனிப்பட்ட கணக்குக் கேட்கும் வரை நில்லுங்கள். ‘நெட் அப்புறம் போட்டுக்கலாம்’ என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள். லாட்டாக எடுக்கும் கடைக்காரர்கள், டிஸ்க் அழித்த சான்றிதழோடு, சீரியல் எண்கள் அனைத்தும் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன என்று கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் ஏல நிபந்தனையில் அந்த வரி ஏறும். பில்லில் சீரியல் எண் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத பில்லை வைத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்தில் பேசுவது கடினம். இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு ஆணையத்தில் கட்டணமும் இல்லை.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் பைபாஸ்காரரைத் தேடிப் போகும் முன், திரையில் பெயர் காட்டும் கம்பெனிக்கே எழுதுங்கள். திரையின் படம், சீரியல் எண், பில் நகல், யாரிடம் எப்போது வாங்கினீர்கள் என்ற விவரம், நான்கும் போதும். முறையாகக் கழித்த லேப்டாப் என்றால் ஐடி பிரிவுக்கு அதை வைத்துக்கொண்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, நீக்கிக் கொடுக்க வாய்ப்பு இருக்கிறது. திருடப்பட்டது என்று பதில் வந்தால் கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க அந்தப் பதிலே சாட்சி. ஓமலூர் கடைக்காரர் நான்காவது லேப்டாப்பின் படத்தை டீலருக்கு அனுப்பியதும் இதே காரியத்துக்குத்தான்; கம்பெனி விடுவித்தால் அது விற்பனைக்கு வரும், இல்லையென்றால் பெங்களூருவுக்கே திரும்பிப் போகும்.

(அடுத்த வாரம்: பேட்டரி)